இன்று எத்தனை டன்

கோஷித்ஸேயில் ஜனவரி.
கீழ்த்தளக் குளிர் அறையில் நான்கு டிகிரி.
வைக்கோல் பெட்டிக்குள் பந்தாய்ச் சுருண்டிருக்கிறது
பதினேழாம் எண்.
மீசையில் ஒரு துரும்பு,
ஒன்பது நாளாக அதே துரும்பு.
சிசெல் என்போம் நாங்கள்,
புல்வெளியில் வளை தோண்டும் தரை அணில்.
நிமிடத்துக்கு நான்கைந்து துடிப்பு.
தொட்டால் கூழாங்கல்.

என் வேலை எழுதுவது.
நேரம், வெப்பம், எடை.
பெரிய விஷயங்களை மேல்மாடியில் பேசுவார்கள்.
இருபத்தாறு வருடம் அவர்களுடைய ஸ்லைடுகளைக் கழுவியதில்
எனக்கும் கொஞ்சம் தெரியும்:

டௌ என்றொரு புரதம்.
நரம்புக்குள் ஓடும் நெடுங்குழாய்களைக்
குலையாமல் பிடித்துவைப்பது.
அதன் மேல் பாஸ்பேட்டை ஒட்டுகிற கை ஒன்று,
பிரித்தெடுக்கிற கை ஒன்று.
குளிரில் இரண்டும் தளரும், ஆனால்
பிரிக்கிற கைதான் முதலில் மரத்துப்போகும்.
ஒட்ட ஒட்ட
பிடி நழுவுகிறது.
இந்தத் தூங்குமூஞ்சியின் தலைக்குள் இப்போது
என் கணவர் தலைக்குள்ளும் இருப்பதாக
முதுகெலும்பு நீர் சொன்ன
அதே குறிகள்.

கெய்ஸாவுக்குச் சர்க்கரை, பத்தொன்பது வருடமாக.
பீட்கிழங்கு ஆலையில் எடைமேடை அவருடையது.
லாரி ஏறும், முள் நடுங்கும்,
நிற்கும்வரை காத்திருப்பார்.
கிழங்கோடு சேற்றையும் ஏற்றிவந்தவனை
முள்ளைப் பார்க்காமலே பிடித்துவிடுவார்.

இப்போது ரத்தத்தில் வெள்ளம், மூளையில் வறட்சி.
இன்சுலின் வந்து கதவைத் தட்டுகிறது,
உள்ளே யாரும் எழுந்துவருவதில்லை.
டௌவின் மேல் சர்க்கரை உட்காரவேண்டிய இடங்கள்
காலியாகக் கிடக்க
கால்மேல் கால் போட்டு உட்கார்கிறது பாஸ்பேட்.

"இது ஓர் இழைதான்,
இழுத்தால் முழுத்துணியும் வந்துவிடாது"
என்கிறார் டாக்டர் பென்கோவா.
இரவில் நான் இழுத்துப் பார்க்கிறேன்.
முப்பது கிறிஸ்துமஸ்,
ஒவ்வொன்றுக்கும் எத்தனை கசகசா ரோல் சுட்டேன்,
அவர் எத்தனை தின்றார்.
கணக்கு சரிவருவதே இல்லை.

நேற்று மாலை பதினேழு விழித்தது.
யாரும் எழுப்பவில்லை, அட்டவணையிலும் இல்லை.
முதலில் தோளில் ஒரு நடுக்கம்,
பழைய ஃபிரிட்ஜ் கிளம்புவதுபோல.
பன்னிரண்டு. பத்தொன்பது.
இருபத்தெட்டில் பின்னங்கால் நீண்டது.
நான் கோட்டைக் கழற்றாமல்
ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன்.
மருந்து எதுவும் இல்லை.
சேர்த்துவைத்த கொழுப்பை எரித்துத்
தன்னைத்தானே சூடேற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.
அதற்குள் அங்கே
ஒட்டியதெல்லாம் உதிர்ந்துகொண்டிருக்கும்,
குழாய்களை டௌ மறுபடி பற்றிக்கொண்டிருக்கும்.
மூன்று மணி நேரம்.
முப்பத்தேழில் நின்றது.
என்னைப் பார்த்தது.
துரும்பைத் தட்டிவிட்டது.

எனக்கு அதன்மேல் கோபம் வந்தது.
அதைக் குறிப்பேட்டில் எழுத இடமில்லை.

கடைசி டிராம். பனி.
பக்கத்து ஃபிளாட் மார்கிதா செருப்போடு வாசலில்,
"ரெண்டு தடவை கீழே இறங்கிட்டார்" என்றாள்.
சமையலறையில் அவர் தொப்பி கோட்டுடன்.
மேஜையில் தபால் தராசு.
தட்டில் சர்க்கரைக் கட்டிகளை
ஒவ்வொன்றாய் வைத்துக்கொண்டிருந்தார்,
ஒவ்வொன்றுக்கும்
முள் அடங்கும்வரை பொறுத்து.

"எடெலா," என்றார் என்னை.
எடைமேடைக் குமாஸ்தா. செத்து எட்டு வருடம்.
"இன்று எத்தனை டன்?"

என் வாயில் இருந்தது ஒரே ஓர் எண்.
"முப்பத்தேழு."

யோசித்தார்.
கண்ணில் ஒரு கணம்
பழைய கெட்டிக்காரன்.

"மண்ணையும் சேர்த்துச் சொல்கிறாய்,
கழித்து எழுது."